செத்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்கா மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. போன மார்கழியில் விடியற்காலை தவறிவிட்டார். ஐஸ் பெட்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மாதான், "சாவுச் செலவுக்குன்னு மாசாமாசம் கட்டிட்டு இருந்தாங்களே" என்றார். ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது அந்த ரோஸ் அட்டை. 40 கட்டம், கட்டத்துக்கு 750 ரூபாய், ஒவ்வொன்றிலும் ஏஜெண்டின் கிறுக்கல். ஆக 30,000. தம்பிக்குச் செலவு வைக்கக் கூடாதென்று நினைத்திருக்கிறார்.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போட்டேன். கடலூர்க் கிளையை மூடிவிட்டார்களாம், வண்டி மறுநாள்தான் வருமாம். உடனே வேண்டுமென்றால் 8,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. நான் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன், கணக்கில் ஏமாற மாட்டேன். ஈமச்சடங்கு, தகனம், உடலை எடுத்துச் செல்லும் வண்டி எதற்குமே ஜிஎஸ்டி கிடையாது. அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே இருக்கிறது. கடைசியில் பெட்டி, பந்தல், மேளம், மாலை எல்லாம் தெருப் பிள்ளைகள்தான் ஓடியாடி ஏற்பாடு செய்தார்கள். கம்மியம்பேட்டை மயானத்துக்குக் கொண்டுபோகும்போது மணி நாலரை.

கருமாதி முடிந்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அட்டையின் பின்பக்கம் ஏழாவது விதியைப் படிக்கச் சொன்னார்கள். எறும்பு எழுத்தில் இருந்தது: "தொகையைத் திரும்பப் பெற சந்தாதாரரே நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்."

சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, சீட்டுத் தொகைக்குப் பதிவாளரிடம் ஈடு கட்டிய பிறகுதான் தொடங்க முடியும். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடுக்க 2019இல் சட்டம் வந்தது. ஆனால் சேவைக்காக வாங்கும் முன்பணம் அதில் டெபாசிட் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இந்த அட்டைக்காரர்கள் நழுவிவிடுகிறார்கள். பிரிட்டனில் 2022 ஜூலை 29 முதல் நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதியில்லாமல் இப்படித் திட்டம் விற்க முடியாது. அழைக்காத வீட்டுக்குப் போய்ப் பேசி விற்பதும், ஏஜெண்டுக்குக் கமிஷன் தருவதும் அங்கே தடை. இங்கே அக்காவைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசியே சேர்த்துவிட்டிருக்கிறான் ஒருவன்.

வாங்கும் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சேரும்போதே, பின்னால் கேட்கும் உரிமை யாருக்கு என்று பெயர் எழுத வேண்டும். இந்த இரண்டையாவது அரசு கட்டாயமாக்கட்டும்.

அதுவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் இறந்துவிட்டால் வாரிசு புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன்.

புதுப்பாளையத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பல வீடுகளில் இதே ரோஸ் அட்டை இருப்பதாகக் கேள்வி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஏழாவது விதியைப் படியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கடலூர்.