பதிவு எண் அப்புறம் ஆகட்டும், மாத்திரையை முதலில் கொடுங்கள்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சுகாதாரத்துறை அமைச்சர் அவர்களுக்கும் பொது சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் தங்கைக்கும் அதே வேலைதான். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், இங்கே லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்.

போன வருடம் புரட்டாசியில் அவள் முழுகாமல் இருந்தாள். எட்டு வாரம். மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லாதே என்று அம்மா போனில் சொன்னதையும் மீறி, கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமை அன்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஆதாரைத் திருப்பிப் பார்த்தார்கள். "முகவரி வேற மாவட்டமா இருக்கே, உங்க ஊர்லயே பதிஞ்சுட்டு வாங்கம்மா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். ஆனால் ரத்தம் எடுக்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை, ஒரு மாத்திரைகூடக் கையில் கொடுக்கவில்லை.

அப்புறம் தீபாவளி ஆர்டர், லீவு கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த்தான் முதல் பரிசோதனை நடந்தது. அதற்குள் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் நலம், அந்த ஊர் நர்சம்மாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

என் கேள்வி அந்த மூன்று மாதத்தைப் பற்றியது. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு தரித்து நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது, அதாவது நாள் தள்ளிப்போய் ஒரு பெண் சந்தேகப்படுகிற நேரத்திலேயே. அதற்குத் தேவையான ஃபோலிக் அமிலம் ஒரு சின்ன மாத்திரை, விலையும் ஒன்றும் பெரிதில்லை. அதை எட்டாவது வாரத்தில் கொடுப்பதே தாமதம் என்றால் ஐந்தாம் மாதத்தில் கொடுத்து என்ன செய்ய? மாதாமாதம் 9ஆம் தேதி நடக்கும் மத்திய அரசின் இலவசப் பரிசோதனை முகாமும் நான்காம் மாதத்திலிருந்துதான். முதல் மூன்று மாதத்துக்கு எங்களைப் போன்றவர்களுக்கு இருப்பது அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்தான்.

நம் மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007லேயே ஆணை போட்டது தமிழ்நாடு. வெறும் வயிற்றோடு வா என்றால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்துதான், சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே தடவை ரத்தம் எடுத்தால் போதும் என்ற முறையைச் சென்னை மருத்துவர் சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் கொண்டுவந்தார்கள். வருகிற பெண்ணின் நிலைமையைப் பார்த்து பரிசோதனையையே மாற்றினார்கள். பதிவு செய்வதற்கும் அப்படி மாற்றக் கூடாதா?

கேட்பது இதுதான். எந்த மாவட்ட முகவரி இருந்தாலும், கையில் ஒரு காகிதமும் இல்லாவிட்டாலும், வந்த அன்றைக்கே ரத்தம், பிரஷர், மாத்திரை. பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை அடுத்த தடவை வாங்கிக்கொள்ளட்டும். இதை எல்லா நிலையத்திலும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். திருப்பூர் மாதிரி ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவையுங்கள், எங்களுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வரும்போது, கல்யாணமாகி வந்த பெண்கள் இருக்கும் லைன் வீட்டுக்கு கர்ப்பம் பார்க்கும் அட்டையும் ஃபோலிக் மாத்திரையும் வரலாமே. இதற்குக் கூடுதல் ஆள் போட வேண்டும், இருக்கிற செவிலியர் தலையிலேயே கட்டாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே பாதி நேரம் கணினியில் விவரம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கொடுக்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்கிறீர்கள். நல்ல விதிதான். ஆனால் எட்டாவது வாரத்தில் வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்புறம் நீ தாமதம் என்று சொன்னால் அது யார் தவறு? முதலில் வந்து நின்ற நாளைக் குறித்துக்கொண்டு அதையே பதிவு நாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இப்போது ஏழு வாரம். தேனிப் பக்கத்துப் பெண், ஆதாரிலும் அந்த முகவரிதான். வருகிற செவ்வாய்க்கிழமை நான் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பனியன் தொழிலாளி