பாப்பாவைத் தூக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வீடியோவைப் பார்த்தேன். தொடை எலும்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து, முட்டியில் உலோக மூட்டு வைத்த பிறகு பாப்பா வாக்கரைப் பிடித்து நிற்கிறாள், சந்தோஷம். ஆனால் ஆபரேஷன் ஆன முட்டி முழுசாக நீளவில்லை. குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நிற்கிறாள். இத்தனை வருஷம் பிசியோவாக இருப்பவளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். இன்றைக்கே எடுத்துவிடு. முட்டி லேசாக மடங்கியிருந்தால் உள்ளே வீக்கத்துக்கு இடம் கிடைக்கும், வலி குறையும். அதனால்தான் பிள்ளை கேட்கிறாள். அப்படியே விட்டால் பின்தொடைத் தசை இறுகி, கால் நீளவே நீளாது. அதற்குப் பதிலாகத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. "முட்டியால மெத்தையை அமுக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு, முட்டிச்சில்லுக்கு மேலே விரலை வைத்துப் பார். தொடைத் தசை இறுகுவது விரலுக்குத் தெரியணும். வீக்கம் இருக்கிறவரை அந்தத் தசை சரியாக வேலை செய்யாது. அதை மறுபடி வேலை வாங்குவதுதான் இப்போது முக்கியம். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடட்டும். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்யலாம். கீமோ போட்டுச் சோர்ந்து கிடக்கிற நாளில் வற்புறுத்தாதே.

சம்மணம் போடுவாளா என்று கேட்கிறாய். நடக்க 60 டிகிரி மடங்கினாலே போதும். படியேற 90 பக்கம் வேண்டும், சம்மணத்துக்கு அதற்கும் மேலே. உலோக மூட்டு வைத்த காலுக்கு அது வராமலே போகலாம். போகட்டும்டா, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

பாத்ரூமுக்குக்கூட நீதான் தூக்கிக்கொண்டு போகிறாயாம். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பத்தடிதான் அவளுடைய பயிற்சி. எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று சர்ஜன் சொன்னாரோ, அந்த அளவுக்குள் அவளே நடக்கட்டும், நீ பின்னால் நில். தரையில் சாக்பீஸால் சம இடைவெளியில் கோடு போடு. ஒவ்வொரு கோட்டிலும் குதிகால் முதலில் பதியணும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

இன்னொன்று. தொடை எலும்பு வளர்வதில் சுமார் 70 சதவீதம் முட்டிப் பக்கத்து முனையில்தான். அங்கே எலும்பை வளர வைக்கிற வளர்ச்சித் தட்டு கட்டியோடு போய்விட்டது. வைத்திருப்பது நீட்டக்கூடிய மூட்டா என்று சர்ஜனிடம் கேள். அவள் வளர வளர இரண்டு காலையும் அளந்து பார்க்கணும். வித்தியாசம் வந்தால் செருப்பில் உயரம் கூட்ட வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தாலோ, முட்டி சிவந்து சூடானாலோ, தைலம் கியிலம் தடவிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாக்கர் அவளுக்கு உயரமாக இருக்கிறது. கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி அவள் மணிக்கட்டுக்கு நேராக வரணும். நான் வந்து சரி பண்ணித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா