பாலையும் தராசில் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்கினால் தமிழ் நாளிதழ்களில் ஓர் அட்டவணை தவறாமல் வந்துவிடும். உச்சியில் மாட்டிறைச்சி, அடுத்து ஆட்டிறைச்சி, அடியில் பயறு வகைகள், பக்கத்தில் எத்தனை கிலோ பசுங்குடில் வாயு (புவியைச் சூடாக்கும் வாயு) என்ற எண். எண்களில் பிழை இல்லை. பெரும்பாலும் அவை 2018-இல் பூர், நெமெசெக் ஆகிய இருவர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தவை. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் கணக்கு அது. எங்கள் மனத்தாங்கல் அட்டவணைக்குக் கீழே வரும் வரியில்தான்: ‘ஆகவே சைவத்துக்கு மாறுங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் சைவம் என்றால் தயிர், நெய், பனீர், பால்கோவா எல்லாம் அடக்கம். அந்த ஆய்வு பரிந்துரைப்பதோ தாவர உணவை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு மிச்சக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

அதே ஆய்வில் 100 கிராம் புரதத்துக்கான சராசரியைப் பாருங்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு 50 கிலோ (கார்பன்-டை-ஆக்சைடுக்கு ஈடாக), ஆடு 20, பண்ணை இறால் 18, பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சி 17, பாலாடைக்கட்டி 11, கோழி 5.7, முட்டை 4.2, நிலக்கடலை 1.2, பயறு வகைகள் 0.8. பால் லிட்டருக்கு 3.2 கிலோ. பாலாடைக்கட்டி கோழியைப் போல இரு மடங்கு இருப்பது ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை.

இதை நம் தட்டில் வைத்துப் பார்ப்போம். மத்திய கால்நடைத் துறையின் 2023-24 புள்ளிவிவரப்படி நாட்டின் பால் உற்பத்தி 23.9 கோடி டன், தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம். இறைச்சி 1.02 கோடி டன். தலைக்கு வகுத்தால் நாளுக்கு 20 கிராம் வரும், அதிலும் ஏறக்குறையப் பாதி கோழி. முட்டை ஆண்டுக்கு 103. பாலுக்கு லிட்டருக்கு 3.2 என்று போட்டால் நாளுக்கு 1.5 கிலோ. 10 கிராம் கோழிக்கு 0.1 கிலோ. மீதி 10 கிராம் ஆடும் மாடும் என்று தாராளமாகப் போட்டாலும் 0.4-ஐத் தாண்டாது. முட்டைக்கு 0.07. ஆக, சராசரி இந்தியரின் பால் கணக்கு அவர் சாப்பிடும் கறி, முட்டை இரண்டையும் சேர்த்தாலும் இரண்டரை மடங்குக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியைக் கைவிட்டவர் அந்த இடத்தில் பனீர் பட்டர் மசாலாவை வைத்தால் என்ன ஆகும்? 200 கிராம் பனீருக்குக் குறைந்தது 1 லிட்டர் பால் வேண்டும், அதற்கு 3.2 கிலோ. அதே எடை கோழிக்கறிக்கு 2 கிலோ. ஆட்டுக்கறியைக் கைவிட்டிருந்தால் லாபம்தான். கோழியை விட்டுப் பனீருக்குப் போனவருக்கு நட்டம்.

பாலைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. காலையில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். விருந்தில் மூன்று வகைப் பனீர், அதற்கு மேல் ஐஸ்கிரீம் என்று போவோரிடம் கேட்கலாம்.

மாட்டிறைச்சியைப் பற்றிய பேச்சு இங்கே சூடாகிவிடுவதால், அதன் கணக்கை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. பிரேசிலில் காட்டை அழித்துப் புல்வெளியாக்கி வளர்ப்பது உட்பட, கறிக்கென்றே வளர்க்கும் மந்தைகளின் உலகச் சராசரிதான் அந்த 50. இந்தியாவில் அப்படிப்பட்ட மந்தை கிடையாது என்றே சொல்லலாம். இங்கு வெட்டப்படுவது பெரும்பாலும் எருமை, அதுவும் கறவை ஓய்ந்தது அல்லது கடாக் கன்று. பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் பாதி காளை. டிராக்டர் வந்த பிறகு காளைக்கு உழவு வேலை இல்லை. செவ்வாய், வியாழன் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் அவை கேரளத்துக்கு லாரி ஏறுவதைப் பார்க்கலாம். காபியில் ஊற்றும் பாலும் அந்த லாரியில் ஏறும் காளையும் ஒரே கொட்டிலின் விளைவுகள்தாம். நாம் ஒன்றைக் குடித்துக்கொண்டு, மற்றதைச் சாப்பிடுபவரைக் குறை சொல்வது, கணக்குப்படி, நியாயமாகத் தெரியவில்லை. பாலினம் பிரித்த உறைவிந்தில் சினை ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது பெண் கன்றாகப் பிறக்கும். இந்தச் சிக்கலைக் கொட்டிலுக்குள்ளேயே குறைக்கும் வழி அதுதான்.

கொட்டில் என்றதும் இன்னொன்று. மாடு அசைபோடும்போது ஏப்பமாக வெளியேறும் மீத்தேன், அது பால் தரும் நாளிலும் வரும், வறண்டு நிற்கும் நாளிலும் வரும். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைப் பசுவுக்குக் கொடுத்துள்ள எண் ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன், எருமைக்கு 55, ஆட்டுக்கு 5. நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்ப வலு கார்பன்-டை-ஆக்சைடைப் போல 28 மடங்கு என்று கொண்டால் ஒரு பசு ஆண்டுக்கு அதற்கு ஈடாக 1,624 கிலோ. அது 900 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1.8 கிலோ. நல்ல தீவனம் தின்று 2,400 லிட்டர் கறக்கும் பசுவுக்கு மீத்தேன் 70 கிலோவாகவே ஏறினாலும் லிட்டருக்கு 0.8-தான். ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி 13-14 மாதத்துக்குள் இருக்க வேண்டியது பல கொட்டில்களில் 16, 18 என்று நீள்கிறது. சினைப்பருவத்தைக் கவனிக்காமல் தவறவிடுவதும், தாது உப்புக் கலவை (நாளுக்கு 30 முதல் 50 கிராம்) வைக்காததுமே பெரும்பாலும் காரணம். கூடுதலாக வறண்டு நிற்கும் ஒவ்வொரு மாதமும் கிட்டத்தட்ட 5 கிலோ மீத்தேன் ஒரு சொட்டுப் பால் இல்லாமல் போகிறது.

வெறும் வைக்கோலில் நிற்கும் மாடுதான் லிட்டருக்கு அதிகம் வெளியிடுவது. வைக்கோலை யூரியா ஊட்டம் செய்து கொடுக்கும் முறை பழையதுதான், செலவும் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து இறுக்கி, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட வேண்டும். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நவச்சார நெடி வர வேண்டும். நெடி இல்லையென்றால் எங்கோ ஓட்டை, அம்மோனியா போய்விட்டது, உழைப்பு வீண். வெள்ளைப் பூசணம் பிடித்த பகுதியை எறிந்துவிட வேண்டும். நல்லதை எடுத்துச் சற்று நேரம் காற்றாட விட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு ஆகாது. விபத்து நடப்பது இரண்டு இடத்தில்: யூரியா கரையாமல் குருணையாக விழுந்து மாடு நக்குவது, கரைசல் வாளியைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு மாடு குடிப்பது. இரண்டிலும் மாடு பிழைப்பது அரிது. இந்தப் பயத்தில்தான் பலர் இம்முறையைக் கைவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கூட நின்று இரண்டு முறை செய்து காட்டினால் போதும்.

தண்ணீர்க் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1 கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லிட்டர் என்ற எண் சுவரொட்டி வரை வந்துவிட்டது. அந்த எண்ணைத் தந்த ஆய்வாளர்களின் கணக்கிலேயே கோழிக்கறிக்கு 4,325, பயறு வகைகளுக்கு 4,055. பயறும் கோழியும் ஒன்றா என்று திகைக்க வேண்டியதில்லை. இந்த எண்களில் பெரும்பங்கு மழைநீர். மானாவாரித் துவரை குடித்த மழையையும், ஆழ்துளைக் கிணற்றில் 800 அடியிலிருந்து ஏற்றிய நீரையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் இப்படித்தான் வரும். தண்ணீரை வைத்து யாருக்கும் உணவு அறிவுரை சொல்லாதீர்கள், எந்த நீர் என்று கேட்காதவரை.

அரிசிக்கு வருவோம். அதைப் பாலுக்கு இணையாக நிறுத்தவில்லை, ஆனால் தாவர உணவு என்றாலே மாசற்றது என்ற எண்ணத்தை உடைக்க அதுவே போதும். தேங்கிய நீரின் அடியில் காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டுதான் அதற்குப் புகைபோக்கி. தெற்காசியாவுக்கென 2019-இல் ஐபிசிசி திருத்திய எண்ணின்படி, விடாமல் நீர் தேங்கிய வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ. 110 நாள் வயலில் நின்று 5 டன் நெல், அதாவது 3.3 டன் அரிசி தந்தால், மீத்தேன் மட்டுமே கிலோ அரிசிக்கு 0.8 கிலோ. இடையிடையே பலமுறை வயலைக் காயவிட்டால் இது 45 விழுக்காடு குறையும்.

காயவிடுவது என்றால் வெடிப்பு விடும்வரை அல்ல. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் கீழ் 20 செ.மீ. வரை சுற்றிலும் துளையிட்டு, அந்த 20 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி வரப்போரம் எட்டிப் பார்க்கும் தூரத்தில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். நீர் பாய்ச்சியதும் குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் துளை அடைத்துக்கொண்டது, பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். வயலின் மேட்டிலோ பள்ளத்திலோ நட்டால் குழாய் பொய் சொல்லும். நட்ட இரண்டு வாரம் களைக்காக நீர் நிற்கட்டும். அதன்பின் குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது, பதர் விழும். மேலுரமாக யூரியாவைக் காய்ந்த மண்ணில் போட்டு உடனே நீர் விட்டால், தழைச்சத்து வீணாவது குறையும்.

இவ்வளவு எளிதென்றால் டெல்டாவில் ஏன் பரவவில்லை? முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் வயலில் உள்ள நீரை வடிக்க மாட்டார். பம்ப்செட்காரருக்கு மின்சாரம் இலவசம், மிச்சமான நீரால் அவர் பைக்கு ஒரு பைசா வருவதில்லை. குழாயின் விலை இதில் தடையே இல்லை.

சம்பா அறுவடைக்குப் பின் அதே வயலில் மிச்சமுள்ள ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகின்றன. அட்டவணையின் அடியில் 0.8 கிலோ என்று நிற்கும் பயறுப் புரதம் நமக்கு வாய்க்கும் இடம் அது. ஏக்கருக்கு 10-12 கிலோ விதையை அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன், மண்ணில் மெழுகுபதம் இருக்கும்போது தூவுவார்கள். ஆளறுப்புக் காலத்துக் கணக்கு அது. இப்போது அறுவடை இயந்திரத்தின் பட்டை முளைத்த நாற்றை நசுக்கிவிடுகிறது. இயந்திரம் வரும் நாளைப் பார்த்து விதைப்பைத் தள்ளினால் ஈரம் போய்விடுகிறது. வாடகை இயந்திரம் சொன்ன நாளில் வருவதில்லை என்பது தனிக்கதை. பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை 2 விழுக்காடு டிஏபி உரக் கரைசல் தெளித்தால் காய்ப்பிடிப்பு தெரியும். தாவரப் புரதத்துக்காகக் குரல் கொடுப்பவர்கள் சோயா உருண்டையை விட இந்தத் தரிசுப் பயறைப் பற்றி எழுதலாம்.

கறிக்கோழி 2 கிலோ எடைக்கு வர 3.2 முதல் 3.5 கிலோ தீவனம் தின்கிறது, உரித்தால் 1.4 கிலோ. அதன் சுமையில் பெரும்பகுதி அந்தத் தீவனத்தின் மக்காச்சோளமும் சோயாவும்தான். நம் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைவது, அமேசான் காட்டை அழித்து அல்ல. ஆகவே உலகச் சராசரி நம் கோழிக்குச் சற்று அதிகமாகவே இருக்கலாம். மீன் என்றால் மத்தி, நெத்திலி போன்றவை கூட்டமாக வலையில் விழுபவை, கிலோவுக்கு ஆகும் டீசல் குறைவு. அடிமடி இழுவை மீனும் பண்ணை இறாலும் வேறு கணக்கு. உள்ளூரில் வாங்கினால் போதும் என்பதும் பாதி உண்மைதான், பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது.

அடுத்த முறை அந்த அட்டவணையை வெளியிடும்போது பால், பனீர், நெய், அரிசி ஆகியவற்றுக்கும் வரிசை சேருங்கள். மாட்டிறைச்சிக்கு எதிரே கறி மந்தையா, கறவை மந்தையா என்றும் ஒரு சொல் போடுங்கள். இடம் போதாவிட்டால் பக்கத்திலுள்ள படத்தை எடுத்துவிடலாம். எப்படியும் அது வெளிநாட்டு மாட்டின் படமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
வேளாண், கால்நடைத் துறை வாசகர்கள் சிலர்,
தஞ்சாவூர்.