செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் மன்றத்தின் பொங்கல் விழா பெங்களூரு ஜீவன் பீமா நகரில் நன்றாகவே நடந்தது. கோலப் போட்டியின் தீர்ப்பு பற்றி இன்னும் முணுமுணுப்பு இருக்கிறது. அதை மகளிர் அணியே பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. அடிப்படை வகுப்பில் உட்கார இடமில்லை, மேல் வகுப்பில் ஆளில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், டியூஷன். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

இனி தொல்லிடப் பயணங்கள், அதாவது பழங்கால மக்கள் விட்டுச் சென்ற இடங்களைப் பார்க்கப் போவது. சென்ற பேரவையில் இந்த யோசனையை வைத்தபோது, "கோயிலும் இல்லை, அருவியும் இல்லை, வெயிலில் கல்லைப் பார்க்க எவன் வருவான்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர்தான் இப்போது ஜன்னலோர சீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். இசை நிகழ்ச்சிக்கு வீடு வீடாகப் போன் போட்டு ஆள் சேர்க்க வேண்டியிருக்கிறது. கற்திட்டை என்னும் பழங்காலக் கல் ஈமச்சின்னம் பார்க்கப் போகிறோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்றைக்கே வண்டி நிரம்பிவிடுகிறது.

முதலில் போனது கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரம். ஓசூர் வழியாகக் காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பெருங்கற்காலத்தவர் இறந்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டைகள் அங்கே குன்றின் மேல் நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். ஒரு பக்கச் சுவரில் வட்டமாக ஒரு துளை; தொல்லியலார் இடுதுளை என்பார்கள். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அந்தத் துளையின் விளிம்பை விட்டு நகரவே இல்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று விரலை ஓட்டிப் பார்த்து, "இது இரண்டு பக்கத்திலிருந்தும் கொத்தி வந்து நடுவில் சந்தித்திருக்கிறது, கை நடுங்காத ஆள்" என்றார். பக்கத்திலிருந்த பத்தாம் வகுப்புப் பையன், "அங்கிள், கருங்கல்லை எதால் கொத்தியிருப்பாங்க?" என்று கேட்க, அடுத்த ஒரு மணி நேரம் அந்த விவாதம்தான் ஓடியது. இட்லிப் பொட்டலம் பிரிக்காமலேயே ஆறிப்போனது.

கொத்தியது இரும்பு உளியா என்ற பேச்சு ஜனவரிக்குப் பிறகு இன்னும் சூடுபிடித்தது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கைப்படி, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு போகின்றன. மல்லசந்திரம் இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று 2022லேயே அறிவித்திருந்தார்கள். உடனே நம் குழுவில் மல்லசந்திரம் ஐயாயிரம் வருஷப் பழமை என்று ஒரு ஃபார்வர்டு சுற்ற ஆரம்பித்தது. அப்படி யாரும் சொல்லவில்லை. ஓரிடத்துக் காலக்கணிப்பை இன்னோர் இடத்துக் கல்லின் மேல் ஒட்ட முடியாது. உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது நாம் ஏன் ஊத வேண்டும்?

அடுத்து ஹிரேபெனகல். கொப்பள் மாவட்டம் கங்காவதிக்குப் பக்கம். இரவு ரயிலில் ஹொசபேட்டை போய், அங்கிருந்து வண்டி. பேசி வைத்திருந்த வண்டிக்காரர் வர மதியமாகிவிட்டது, அதனால் நல்ல வெயிலில் மலை ஏற வேண்டியதாயிற்று. மேலே வரை சாலை கிடையாது. பாறையும் முள்ளுமாக நடைதான். மேலே போனால் ஏறத்தாழ 400 கல் அமைப்புகள் ஒரு தெருவைப்போல் விரிகின்றன. சில நம் தலைக்கு மேல் உயரம், சில முழங்கால் உயரம்கூட இல்லை. காலம் கி.மு. 800 முதல் கி.மு. 200 வரை என்கிறார்கள். 2021 முதல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் போன அன்று எங்களைத் தவிர அங்கே இருந்தவர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான். குள்ளமான மோரியர்கள் இந்த வீடுகளில் வாழ்ந்தார்கள் என்று கன்னடத்தில் கதை சொன்னார். நம் பக்கத்தில் பாண்டவர் குழி என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. பாறை உச்சியில் முரசு வடிவில் ஒரு கல் இருக்கிறது. தட்டினால் ஒலி ஒரு கிலோமீட்டர் வரை கேட்குமாம். ஆபத்தான ஏற்றம் என்பதால் யாரையும் விடவில்லை. அதற்காக இளைஞர் அணி இன்னும் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை.

ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று செயற்குழுவில் கேட்டார்கள். எனக்குத் தோன்றுவது இது. ஹம்பிக்குப் போனால் கைடு சொல்வார், நாம் தலையாட்டுவோம். இங்கே கல்வெட்டு இல்லை, ராஜா பெயர் இல்லை. மூடுகல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பதற்கு மண்ணைச் சரிவாகக் கொட்டி இழுத்தார்கள் என்று ஒருவர், உருளைக் கட்டை வைத்தார்கள் என்று இன்னொருவர். அங்கே லேத் மெக்கானிக்கும், ஐடி மேனேஜரும், பத்தாம் வகுப்புப் பையனும் ஒரே தகுதியில் பேசலாம். வேறெந்த நிகழ்ச்சியில் நமக்கு இது வாய்த்திருக்கிறது? அப்புறம், சாவு என்றாலே பேச்சை மாற்றுகிற நாம், அத்தனை பேர் கூடி ஒருவருக்காக இவ்வளவு கனத்தைத் தூக்கியிருக்கிறார்களே என்று அங்கே நின்று பேசுகிறோம். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையுமுன் தலைக்குக் குளித்த உறுப்பினர்களும் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை, அதுவும் ஒரு மரியாதைதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குழுப் படத்துக்காக மன்றத்தின் பேனரைக் கற்திட்டையில் கட்ட முயன்றோம். மூடுகல் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே புதையல் தேடுகிறவர்கள் தோண்டிச் சாய்த்த பலகைகள், பெயின்டில் எழுதிய காதலர் பெயர்கள், நெருங்கி வரும் குவாரிகள் எல்லாம் போதாதா?

வரும் டிசம்பரில் பல்லாரி அருகே சங்கனக்கல், குப்கல் குன்றுகளுக்குப் போகச் செயற்குழு பரிந்துரைக்கிறது. புதிய கற்காலத்தவர் கற்கோடரி செய்த இடம். பாறைகளில் திமில் காளைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறைகளும் உண்டு. 1863இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆராய்ந்த பகுதி இது. பல்லாவரத்திலேயே பிறந்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லலையே" என்று ஆதங்கப்பட்டார். பயணப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

நிபந்தனைகள்: ஒரு மினி பஸ்ஸுக்கு மேல் ஆள் இல்லை. கல் மேல் ஏறக்கூடாது, கல் சில்லு ஒன்றைக்கூடப் பையில் போடக்கூடாது, பேனர் பஸ்ஸோடு சரி. முன்பணம் செலுத்தியவர்களுக்கே இடம். "அப்புறம் தருகிறேன்" என்பது இந்த முறை செல்லாது.

இந்த அறிக்கையைப் பேரவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பயணக் கணக்கில் விழுந்த சிறு துண்டு பற்றிப் பொருளாளர் விளக்குவார்.