அஸ்கட்னி மலையடிவாரத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

வெர்மான்ட் மாநிலம், வெஸ்ட் விண்ட்சர் ஊர் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு நேரிலேயே ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனாலும் மூடிப்போன ஒரு பனிச்சறுக்கு மலையை ஊரே சேர்ந்து மீட்டு நீங்கள் நடத்திவரும் காரியம் அமெரிக்காவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரியவேண்டும் என்று ஆசை. அதனால்தான் தமிழில் இந்த மடல்.

முதல் நன்றி, எங்களை முன்பின் பார்த்திராத உங்கள் ஊர் வாக்காளர்களுக்கு. 2010இல் பண நெருக்கடியில் அஸ்கட்னி பனிச்சறுக்குத் தலம் மூடப்பட்டது. சறுக்குபவர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து மலைமேலே போகும் அதிவேக லிஃப்டைக் கழற்றி, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் கிராட்ச்சட் மலையில் கொண்டுபோய் மாட்டினார்கள். மலையை நம்பியிருந்த ஊர் தவித்துப்போனது. உங்கள் ஊரின் பிரவுன்ஸ்வில் பகுதியில் எல்லோரும் கூடும் பலசரக்குக் கடையும் மூடியது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் நீங்கள். புது முதலாளி வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. ஊர் கூடி வாக்களித்து, நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றின் துணையோடு 2015இல் சறுக்குத் தலம் இருந்த 469 ஏக்கரையும் ஊர்ச் சொத்தாக்கினீர்கள். நடத்தும் பொறுப்பை அஸ்கட்னி அவுட்டோர்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு ஏற்றது. கடையும் 2018இல் மறுபடி திறந்தது. அன்று ஆதரித்து வாக்களித்தவர்களில் எத்தனை பேர் சறுக்குபவர்களோ தெரியாது. சறுக்கத் தெரியாத பெரியவர்களும் வாக்களித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்குக் கூடுதல் நன்றி.

பெரிய ரிசார்ட்டுகளில் ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட்டே 200 டாலரைத் தாண்டுகிறது. வாடகைச் சாமான், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். குளிர்காலமே தெரியாத ஊரிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள், "பிள்ளைகளுக்குப் பிடிக்குமா, பார்ப்போமே" என்று போய்ப் பார்க்க அங்கே வழியில்லை. இங்கே இருந்தது.

அடுத்து, ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேட்டில் ஏறும் கயிற்று லிஃப்டில் நின்ற பெரியவருக்கு. தாத்தா, என் மகள் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறாள். சக்கரத்தில் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் கயிற்றைச் சட்டென்று பிடித்தால் ஆளைச் சுண்டி இழுத்துவிடும். நீங்கள் அவள் பக்கத்தில் குனிந்து, முதலில் கயிறு கையுறைக்குள் வழுக்கி ஓடட்டும், அப்புறம் மெல்ல மெல்ல இறுக்கு என்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஸ்கார்ஃபின் நுனியைக் கோட்டுக்குள் செருகிவிட்டீர்கள். அவள் விழுந்தபோதெல்லாம் லிஃப்டை நிறுத்தினீர்கள். பின்னால் வரிசையில் நின்ற யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வரிசைக்கும் நன்றி. அமெரிக்காவின் முதல் கயிற்று லிஃப்ட் 1934இல் பக்கத்து வுட்ஸ்டாக்கில் ஒரு பண்ணை மேட்டில், பழைய ஃபோர்டு காரின் இன்ஜினை வைத்து ஓடியது என்ற கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அன்று முழுக்க அவளுக்கு அதே பேச்சு.

தலைகீழ் T வடிவக் கம்பி பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றும் டி-பார் லிஃப்டில் என் மனைவிக்குத் துணையாக ஏறிவந்த அம்மாவுக்கும் நன்றி. "உட்காராதீர்கள், சும்மா சாய்ந்துகொள்ளுங்கள், அது தள்ளிக்கொண்டு போகும்" என்று நீங்கள் சொன்னதைத்தான் இப்போது அவர் மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

கண்ணில் படாமல் உழைப்பவர்களை மறக்கக்கூடாது. இரவில் வண்டியோட்டிப் பனியைச் சமன்செய்பவர்கள், முதலுதவிப் பெட்டி முதல் ஸ்ட்ரெச்சர் வரை தயாராக வைத்துக்கொண்டு, அடிபட்டவர்களுக்கு உதவக் குளிரில் நிற்கும் ஸ்கீ பேட்ரோல் தன்னார்வலர்கள், கோடையில் புதர் வெட்டித் தடங்களைப் பராமரிப்பவர்கள், ஈரக் கையுறைகளை உலர்த்த ஹீட்டர் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தந்தவர்கள். பையனுக்குச் சிறிதாகிவிட்ட பூட்ஸை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போன ஒருவர். பூட்ஸ் என் மகளுக்குச் சரியாக இருக்கிறது, ஐயா.

உங்களிடம் செயற்கைப் பனி செய்யும் இயந்திரங்கள் கிடையாது. வானம் கொடுத்தால்தான் உண்டு. மழை பெய்து பனி கரைந்த வாரங்களில் லிஃப்ட் நிற்கும், வருமானமும் நிற்கும். அப்படியிருந்தும் கட்டணத்தைக் குறைவாக வைத்துப் பிள்ளைகளை வரவேற்கிறீர்களே, அது எனக்குப் பெரிய விஷயம். சின்ன மலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போன நியூ இங்கிலாந்தில், முதன்முதலாகப் பனியில் கால் வைக்கும் குழந்தைக்கு இப்படிப்பட்ட இடங்கள்தான் கதி. பெரிய ரிசார்ட்டுகள் தரும் வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் என் மகளின் பெயரைக் கேட்டதில்லை.

இலையுதிர்காலத்தில் தடம் சீராக்கும் நாள் எப்போது என்று சொல்லிவிடுங்கள், நானும் மனைவியும் வருகிறோம். கயிற்று லிஃப்டைக் கவனித்துக்கொள்ளும் வேலையைக் கற்றுக்கொடுத்தால், வரும் சீசனில் சனிக்கிழமைகளில் ஒரு ஷிஃப்டை நான் எடுத்துக்கொள்ளத் தயார். தாத்தாவுக்கும் கொஞ்சம் சறுக்க நேரம் கிடைக்கட்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் தமிழ்க் குடும்பம்