மாமர நிழலுக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி

அன்பு மகளுக்கு,

வீட்டின் பின்புறம் மாமரத்தடியில் புல் பிடிக்காமல் மண் வெறிச்சென்று கிடப்பதாகவும், நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுத்த நாற்றுகளை நட இருப்பதாகவும் எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது கரிசலாங்கண்ணி அன்று, வெடிலியா. நடாமல் நிறுத்தி வை, அம்மா.

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் மஞ்சள் பூ என்பதால் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தவன்தான். முற்றிய இலைகள் நான்கைந்தைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார். வெடிலியாவின் இலை பளபளப்பாக, நுனிப்பக்கம் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். நம் கரிசலாங்கண்ணியின் இலையோ ஈட்டி முனைபோல் குறுகி நீண்டு, தடவினால் சொரசொரக்கும். பூவும் சற்றுச் சிறியது. வெடிலியா வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நம் கிணற்றடியில் நான் அறியாமல் வைத்த ஒரு கைப்பிடி, இரண்டே மழைக்காலங்களில் உன் அம்மாவின் தூதுவளைப் பாத்தியை முழுவதுமாக மூடிவிட்டது உனக்கு நினைவிருக்கலாம். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மீண்டும் தழைக்கும் என்பதால், வாங்கியதை எருக்குழியில் போடாமல் சிமெண்ட் தரையில் சருகாகும்வரை காயவிடு. கீரையென்று எண்ணிச் சமைத்தும்விடாதே.

உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி பல்லாண்டு வாழும் படர்செடி. ஈரமும் அரை நிழலும் அதற்குப் போதும். ஆனால் வெயிலே எட்டாத இருட்டில் இலை மட்டும் செழித்துப் பூ குறைந்துவிடும். ஆகவே மரத்தின் தாழ்ந்த கிளைகள் இரண்டைக் கழித்து, காலை வெயில் கொஞ்ச நேரமாவது சல்லடைக்கண் வழியே விழுவதுபோல் விழும்படி செய். மாமரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தாதே; மக்கிய இலை எருவை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி ஓர் அடி இடம் விட்டுவிடு.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். நான்கைந்து அங்குலத் தண்டைச் சாய்வாக வைத்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி அரை அடிக்கு ஒன்றாக ஊன்று. வேர் பிடிக்கும்வரை மண் காயக் கூடாது. அதற்குப் பிறகும் கோடையில் தண்ணீர் விட்டே ஆகவேண்டும், ஏனெனில் மரம் தன் பங்கை முதலில் உறிஞ்சிக்கொள்ளும். மழை நாள்களில் நத்தை வரும். மாலையில் டார்ச் விளக்குடன் போய்ப் பொறுக்கிவிடு, மருந்து எதுவும் அடிக்காதே, சாப்பிடும் கீரை அல்லவா. ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரித்துவிட்டால் அடர்த்தியாகப் படரும். கத்தரித்த கொழுந்தைப் பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம். வள்ளலார் போற்றிய கீரை என்று உன் பாட்டி அதை வாரம் தவறாமல் சமைத்தது பழைய கதை.

நம் வீட்டுச் செடியிலிருந்து ஐம்பது தண்டுகளை வெட்டி, ஈரத் துணியில் பொதிந்து வாழைப்பட்டையால் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்று மாலையே ஊன்றிவிடு. அவனையும் குனிந்து வேலை செய்யச் சொல்.

அன்புடன்,
அப்பா