லாஸ்பேட்டைக்கு ஒரு பேருந்து விடுங்கள்

புதுச்சேரி, தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் வான்வழியில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சாலையில் 300-க்குச் சற்று மேல். விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், பேருந்துக்கு ஏழு மணி நேரமாவது ஆகும். 2024 டிசம்பரில் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது ஊரெல்லாம் இதைத்தான் பேசியது. கடலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்புகிறவர் ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி எல்லாம் தாண்டி, புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைக்குச் சிரமமில்லாமல் வந்துவிடலாம். தவளக்குப்பத்தில் ஆரம்பிக்கும் நெரிசல் அரியாங்குப்பத்தில் முற்றி, முருங்கப்பாக்கம் வரை விடாது. பேருந்து நிலையத்தில் இறங்கினால் பெட்டியோடு ஆட்டோ தேட வேண்டும். கடலூரிலிருந்து வந்த டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்று தெரிந்தால் இன்னும் கூடும்.

ஆக, லாஸ்பேட்டை போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். விமானம் இறங்குவதோ பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில். எங்கள் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக் சிட்டி நகரின் தென்கோடி. குறுக்கே கடக்க இன்னும் இரண்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், ஆறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் இரவுப் பேருந்தோ ஓசூரைத் தாண்டியதும் முதலில் எலக்ட்ரானிக் சிட்டியில்தான் நிற்கிறது. படுத்துத் தூங்கிப் போகலாம், கட்டணமும் குறைவு. அப்படியிருக்க, கடலூரிலிருந்து யார் விமானம் ஏற வருவார்கள்?

பெங்களூர் நெரிசலுக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை கிலோமீட்டர் ஓடுதளத்தை நீட்டித்துப் பெரிய விமானம் கொண்டுவருவதும் தமிழ்நாட்டு நிலம் சம்பந்தப்பட்ட விவகாரம். இரு அரசுகளும் பேசித் தீர்க்கட்டும், நாங்கள் அவசரப்படவில்லை. இங்கே கேட்பது ஒரு பேருந்து மட்டுமே.

கடலூர் – புதுச்சேரி தடத்தில் இரு அரசுகளின் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றை, விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது லாஸ்பேட்டையில் இருக்கும்படி விடுங்கள். பேருந்து நிலையத்துக்குள் நுழையாமல் நூறடிச் சாலையில் திரும்பி, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை வழியாகப் போகட்டும். விமானம் தாமதமானாலும், இறங்கியவர்கள் வெளியே வரும்வரை திரும்பும் வண்டி காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நடத்துநர் தன் பொறுப்பில் முடிவெடுக்க முடியாது. நீங்கள்தான் எழுத்தில் உத்தரவு தர வேண்டும்.

எல்லை தாண்டும் பர்மிட் யாருடையது, வசூல் யாருக்கு என்ற கேள்வி வரும் என்று தெரியும். இரு துறைகளும் ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் பயணி ஒருவர்